கிளிநொச்சியில் இருந்துகொண்டே தரவுத்தள நிர்வாகி ஆக முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வவுனியாவில் கணினி படித்து முடித்த ஒரு தங்கச்சி இரண்டு வருடமாகக் கிளிநொச்சியில் ஒரு நிறுவனத்தில் தரவு பதிகிற வேலை செய்கிறார். அங்கே உள்ள மைஎஸ்கியூஎல் (தரவுகளை அட்டவணைகளாகச் சேமிக்கிற ஒரு மென்பொருள்) தரவுத்தளத்தைப் பார்க்க வேறு ஆளில்லாததால் அதுவும் அவர் தலையில்தான். தரவுத்தள நிர்வாகியாக வளர ஆசை. கொழும்புக்குப் போகாமல் அது நடக்குமா, எந்தச் சான்றிதழை முதலில் எடுப்பது, கிளவுட் (இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கிற சேர்வர்கள்) வந்த பிறகு இந்த வேலை மிஞ்சுமா என்று கேட்டிருக்கிறார்.

நடக்கும், தங்கச்சி. நான் மாங்குளத்துப் பக்கம். பதினான்கு வருடமாக இதே வேலை. முதல் ஏழு வருடம் கொழும்பில் ஒரு கொம்பனியில் இருந்தேன். இப்போது வவுனியாவில் வீட்டிலிருந்தபடி ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு வகைத் தரவுத்தளங்களைப் பார்க்கிறேன். கொழும்பு எனக்கு நிறையத் தந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் இந்த வேலையின் அத்திவாரத்தை அங்கே போய்த்தான் போட வேண்டும் என்றில்லை. உங்கள் மேசைக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்கிற அந்தப் பழைய சேர்வரில் படிப்பதற்கு அவ்வளவு இருக்கிறது.

நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "பேக்கப் ஒவ்வொரு இரவும் தானாக எடுபடுகிறது, அதில் பிரச்சினை இல்லை." நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். அந்தக் கோப்பை எப்போதாவது வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், நானும் மூன்று வருடம் அப்படித்தான் இருந்தேன். கொழும்பில் வேலை செய்த இடத்தில் ஒவ்வொரு இரவும் ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) ஓடும். மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற கட்டளை தரவுத்தளத்திலிருந்து எடுப்பதை அப்படியே ஜிசிப் என்ற சுருக்கும் கட்டளைக்குக் கொடுத்துச் சுருக்கி வைக்கும். காலையில் "வெற்றி" என்று மின்னஞ்சல் வந்திருக்கும். ஒருநாள் ஒரு செய்நிரலாளர் தவறான சேர்வரில் ஓர் அட்டவணையை அழித்துவிட்டார். சரி, பேக்கப் இருக்கிறதே என்று முந்தின இரவுக் கோப்பை எடுத்து விரித்தோம். பாதியில் முடிந்துவிட்டது. அதற்கு முந்தின நாள் கோப்பும் அப்படித்தான். பின்னோக்கிப் போகப் போக எல்லாமே ஒரே இடத்தில் அறுந்து கிடந்தன.

காரணம் சின்னது. சில மாதங்களுக்கு முன்பு யாரோ ஒரு நிரலை (அட்டவணையில் மேலிருந்து கீழாக வருகிற பத்தியை) நீக்கியிருக்கிறார்கள். அந்த நிரலை நம்பியிருந்த ஒரு வியூ (சேமித்துவைத்த ஒரு தேடல், அட்டவணை போலவே தெரியும்) உடைந்து போயிற்று. டம்ப் எடுக்கிற கட்டளை அட்டவணைகளை அகரவரிசையில் எடுத்துக்கொண்டு வந்து, அந்த வியூவில் முட்டி, பிழை சொல்லிவிட்டு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வருகிற அட்டவணை எதுவும் கோப்பில் இல்லை. ஆனால் ஷெல்லில் (கட்டளைகளை எழுதி ஓட்டுகிற இடத்தில்) இரண்டு கட்டளைகளைப் பைப் போட்டு, அதாவது ஒன்று தருவதை மற்றதற்குக் கொடுத்து இணைத்தால், கடைசிக் கட்டளையின் முடிவுதான் முழு வரியின் முடிவு. ஜிசிப் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. வந்ததைச் சுருக்கியது, வெற்றி என்றது. நாங்களும் மாதக்கணக்காக அந்த வெற்றியை வாசித்துக்கொண்டிருந்தோம்.

பரிசோதனைக்கு வைத்திருந்த ஒரு பழைய நகலையும் அச்சிட்ட பற்றுச்சீட்டுகளையும் வைத்து மூன்று இரவு இருந்து கட்டி எழுப்பினோம். முழுதாக வரவில்லை. இன்றைக்கு நான் எந்த ஸ்கிரிப்டைத் திறந்தாலும் முதலில் பார்ப்பது மேலே பைப்ஃபெயில் என்ற அமைப்பு (இடையில் ஒரு கட்டளை தோற்றாலும் முழு வரியும் தோற்றது என்று சொல்ல வைப்பது) போட்டிருக்கிறதா என்பதைத்தான். மைஎஸ்கியூஎல் என்றால் கோப்பின் கடைசி வரியையும் பார்ப்பேன். முழுதாக முடிந்த டம்ப், "டம்ப் கம்ப்ளீட்டட்" என்று திகதியோடு சொல்லி முடியும். அந்த வரி இல்லாவிட்டால் அது பேக்கப் இல்லை.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2017 ஜனவரி 31 இல், செய்நிரலாளர்கள் தங்கள் வேலையைச் சேமித்துவைக்கிற இணையத்தளமான கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் களைத்துப்போன இரவு நேரத்தில், துணைச் சேர்வரில் அழிக்க வேண்டிய கோப்புறையைப் பிரதான சேர்வரில் அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப் எடுக்கிற கருவியின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமல் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்ததும், அதை அறிவிக்கிற மின்னஞ்சல்கள் யாருக்கும் போய்ச் சேராமல் இருந்ததும் அன்றைக்குத்தான் தெரிய வந்தது. தற்செயலாக ஆறு மணிநேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகல் இருந்ததால் தப்பினார்கள். நடந்ததை ஒளிக்காமல் முழுவதும் எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். தேடி வாசியுங்கள். தோற்ற கதையைத் திறந்து எழுதுகிற அந்தப் பழக்கமே இந்தத் தொழிலில் பெரிய சொத்து.

இடம்பெயர்ந்த காலத்தில் எங்கள் அம்மா எங்களுடைய பிறப்புச் சான்றிதழ்களையும் காணி பெர்மிட்டையும் ஒரு சொப்பின் பைக்குள் சுற்றி, அதை இன்னொரு பைக்குள் போட்டு, இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார். சட்டி பானை எல்லாம் ஒவ்வோர் இடமாக விட்டுவிட்டு வந்தோம், அந்தப் பை மட்டும் கடைசிவரை வந்தது. பத்திரம் தொலைத்த அயலவர்கள் தாங்கள் யார், தங்கள் காணி எது என்று காட்டுவதற்காகப் பிறகு எத்தனை வருடம் மாவட்டக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்தார்கள் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓர் அட்டவணையில் ஒரு நிரை (ஒருவரின் விவரம் உள்ள கிடை வரி) இல்லாமல் போனால் அந்தப் பக்கத்தில் ஒரு மனிதர் அலைவார். வன்னியில் வளர்ந்த பிள்ளைக்கு இதை ஒருவரும் பாடமாகச் சொல்லித் தரத் தேவையில்லை. இந்த வேலைக்கு நீங்கள் கொண்டுவருகிற முதல் தகுதி இதுதான் என்று நான் மனதார நம்புகிறேன்.

சரி, செய்ய வேண்டியது என்ன? அலுவலகத்தில் ஓரமாகக் கிடக்கிற ஒரு கணினியை அனுமதியோடு எடுங்கள். நேற்றிரவுக் கோப்பை அதில் மீளுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். எத்தனை நிமிடம்? முக்கியமான ஐந்து அட்டவணைகளில் எத்தனை நிரை? கடைசியாகப் பதிந்த பதிவின் திகதி எது? பிறகு கணக்குப் பகுதியில் இருப்பவரைக் கூப்பிட்டு, அந்த நகலில் தன் அறிக்கை ஒன்றை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் "ஓம், சரியாக இருக்கிறது" என்றால்தான் மீட்பு முடிந்தது. இதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். ஒவ்வொரு மாதமும் செய்யுங்கள். ஒரு வருடம் கழித்து அந்தக் கொப்பியோடு நேர்முகத் தேர்வுக்குப் போனால், எந்தச் சான்றிதழும் பேசாத பேச்சை அது பேசும்.

அதிலிருந்து இரண்டு கேள்விகள் தாமாக வரும். இரவு 11 மணிக்குப் பேக்கப் எடுபடுகிறது, மறுநாள் பின்னேரம் 4 மணிக்கு டிஸ்க் போகிறது என்றால் 17 மணிநேர வேலை போய்விடும். அது பரவாயில்லையா? மீட்க மூன்று மணிநேரம் எடுக்கும் என்றால் அவ்வளவு நேரம் மூடி வைக்கலாமா? இந்த இரண்டையும் உங்கள் மேலாளரிடம் கேளுங்கள். முடிவு எடுக்க வேண்டியவர் அவர், நீங்கள் இல்லை. 17 மணிநேரம் தாங்காது என்று அவர் சொன்னால் மைஎஸ்கியூஎல்லின் பைனரி லொக் (நடக்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கிற பதிவு) பற்றிப் படிக்க உங்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். அந்த லொக்கை வேறு டிஸ்கில் வைத்திருந்தால், முழு பேக்கப்பை மீட்டு, அதன்மேல் அந்தப் பதிவுகளை ஓட்டி, 3 மணி 58 நிமிடம் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தலாம். அதை முதல் தடவை செய்து பார்க்கிற நாளில் வருகிற சந்தோசம் தனி.

இன்னொன்று. பேக்கப் டிஸ்கைச் சேர்வர் இருக்கிற அதே அலுமாரிக்குள் வைக்காதீர்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாடு நினைவிருக்கும். தண்ணீர் வரும்போது மூலத்தையும் நகலையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டு போகும். ஒரு நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும், அதுவும் குறியாக்கம் செய்து பூட்டிய நகலாக.

கரண்ட் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடப்புத்தகத்தில் இது ஒரு பந்திக்கு மேல் வராது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தபோது எனக்கு ஊரிலிருந்து வந்த அழைப்புகளில் பாதி ஒரே பிரச்சினை: "அண்ணா, அட்டவணை உடைந்துவிட்டது, திருத்தச் சொல்கிறது." போய்ப் பார்த்தால் அட்டவணைகள் மைஐசாம் வகை, மைஎஸ்கியூஎல் அட்டவணைகளைச் சேமிக்கிற பழைய முறை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின் போனால் அந்த வகைக்குத் தன்னைத் தானே சரிசெய்கிற வழி கிடையாது. இன்னோடிபி வகைக்கு உண்டு. அது மாற்றத்தை முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் அட்டவணைக் கோப்பில் கை வைக்கும். மின் வந்ததும் அந்தப் பதிவேட்டைப் பார்த்து, முடிந்ததை முடித்து, முடியாததைக் கைவிட்டு எழும்பும். 2010 இல் வந்த மைஎஸ்கியூஎல் 5.5 பதிப்பிலிருந்து இன்னோடிபிதான் இயல்பான வகை. ஆனால் அதற்கு முன்பு கட்டிய தரவுத்தளங்களை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நம் ஊரில் நிறைய. உங்களுடையது எந்த வகை என்று இன்றைக்கே பாருங்கள்.

வேகம் போதவில்லை என்று யாராவது அந்தப் பதிவேட்டை ஒவ்வொரு தடவையும் டிஸ்கில் எழுதுகிற அமைப்பைத் தளர்த்தி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அதன் இயல்பான மதிப்பு 1. அதை 2 என்றோ 0 என்றோ மாற்றினால் வேகம் கூடும். ஆனால் கரண்ட் போகிற கணத்தில் கடைசி ஒரு செக்கன் அளவுக்கு உறுதிசெய்த பதிவுகளே போகலாம். கொழும்புத் தரவு மையத்தில் அந்தச் சூதாட்டத்தை ஆடலாம். எங்கள் மின்கம்பியை நம்பி ஆட வேண்டாம்.

அடுத்தது, நான் அதிகம் பேச விரும்புகிற விடயம். தமிழ்.

உங்கள் தரவுத்தளத்தில் பெயர்கள் தமிழில் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். எல்லா மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு தருகிற யூனிகோட்டில் இருக்கின்றனவா, பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கின்றனவா? பாமினி என்பது வெறும் எழுத்துருவின் முகமூடி. "தமிழ்" என்று திரையில் தெரிகிற சொல் உள்ளே ஆங்கில ஜே, கே, பி, ஓ என்ற சின்ன எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் கிடக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பை. அதைவிட மோசமான ஒன்று உண்டு. பாமினியில் "அ" என்பது சின்ன எம், "ஆ" என்பது பெரிய எம். மைஎஸ்கியூஎல், மைக்ரோசொஃப்டின் எஸ்கியூஎல் சேர்வர் போன்ற தரவுத்தளங்கள் வழக்கமான அமைப்பில் ஆங்கிலச் சின்ன எழுத்தையும் பெரிய எழுத்தையும் ஒன்றாகவே ஒப்பிடும். ஆகவே அவற்றின் கண்ணில் அனந்தனும் ஆனந்தனும் ஒரே ஆள். ஒருவரைத் தேடினால் இருவரும் வருவார்கள். பெயரைத் தனித்துவமாக வைத்திருந்தால் இரண்டாமவரைப் பதியவே விடாது. வரிசைப்படுத்தினால் "உ" வந்த பிறகுதான் "அ" வரும், ஏனென்றால் அங்கே ஓடுவது ஆங்கில நெடுங்கணக்கு.

பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றுகிற கருவிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் ஒரே நிரலில் சிலது பாமினி, சிலது உண்மையான ஆங்கிலப் பெயர், சிலது யூனிகோட் என்று கலந்து கிடக்கும்போது கருவிக்கு எது எது என்று தெரியாது. கண்மூடி ஓட்டினால் ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். நான் செய்கிற வழி இது: பழைய நிரலைத் தொடுவதில்லை. பக்கத்தில் புதிய நிரல் ஒன்று, எந்த வகை என்று குறிக்க இன்னொரு நிரல். முதலில் வகை பிரிப்பேன், பிறகு மாற்றுவேன், பிறகு அந்த ஊரை அறிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொரு பெயராக வாசிக்க வைப்பேன். அலுப்பான வேலைதான். ஆனால் ஒருவரின் பெயர் பிழையானால் அவருடைய கொடுப்பனவும் பிழையாகும்.

யூனிகோட்டுக்கு வந்த பிறகும் கவனிக்க நிறைய உண்டு. "கிளிநொச்சி" என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோட் கணக்கில் மெய்யும் குறியும் புள்ளியுமாகப் பத்து. அதைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 30 பைட். ஒராக்கிள் என்ற தரவுத்தளத்தில் நிரலின் நீளம் 30 என்று போட்டால், வழக்கமான அமைப்பில் அது 30 பைட்தான். கிளிநொச்சி மட்டுமட்டாக உள்ளே போகும், முல்லைத்தீவு 36 பைட், போகாது. புதுக்குடியிருப்புக்கு 54 வேண்டும். மைஎஸ்கியூஎல் பைட்டை எண்ணாது, குறியீடுகளை எண்ணும், அதனால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. ஒரு தரவுத்தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற திட்டத்தில் இதை முன்கூட்டியே சொல்லத் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருந்தால் இரண்டு வார வேலை குறையும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

அதே "நொ" எழுத்தில் இன்னொரு பொறி. கொம்பும் காலும் சேர்ந்த குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் போஸ்ட்கிரெஸின் இயல்பான ஒப்பீட்டில் அவை வேறு வேறு சொல். ஒருநாள் முழுக்க ஒருவர் தேடினார், கண்ணுக்கு முன்னால் இருக்கிற பதிவு ஏன் வரவில்லை என்று. இரண்டு சொல்லின் நீளத்தையும் கேட்டுப் பார்த்தோம்: ஒன்று 10, மற்றது 11. பதியும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிற நார்மலைஸ் என்ற செயற்கூறு போஸ்ட்கிரெஸ் 13 இலிருந்து உள்ளேயே இருக்கிறது. எஸ்கியூஎல் சேர்வர் என்றால், நிரல் யூனிகோட் எழுத்தை ஏற்கிற என்வார்சார் வகையாக இருந்தாலும், கட்டளையில் பெயரைச் சுற்றிய மேற்கோளுக்கு முன் பெரிய என் எழுத்தைப் போட மறந்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகப் பதியும். கேள்விக்குறியான பெயரை எந்த மந்திரத்தாலும் திருப்ப முடியாது.

ஊர்ப் பெயர்களை யாரும் கையால் தட்டச்சு செய்யவே விடாதீர்கள். கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று நான்கே பிரதேச செயலகப் பிரிவுகள், 95 கிராம அலுவலர் பிரிவுகள். அவ்வளவுதான். ஒருநாள் உட்கார்ந்து ஓர் அட்டவணையாகப் பதிந்து, மற்ற அட்டவணைகள் அதைச் சுட்டுகிற மாதிரிச் செய்தால், புதுக்குடியிருப்பை ஆங்கிலத்தில் பன்னிரண்டு விதமாக எழுதுகிற மாதிரியான தொல்லை இங்கே ஒரேயடியாகத் தீரும்.

அடையாள அட்டை இலக்கமும் அப்படித்தான். 2016 இலிருந்து புதிய அட்டைகளில் 12 இலக்கம். அதற்கு முன் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். ஒரே அம்மா பழைய அட்டையோடு ஒரு தடவையும், புதிய அட்டையோடு இன்னொரு தடவையும் பதியப்பட்டிருப்பார். பழையதைப் புதியதாக மாற்றுவது கடினமில்லை. பிறந்த ஆண்டுக்கு முன் 19, நாளின் எண்ணுக்குப் பிறகு ஒரு 0, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் சரி. இரண்டையும் ஒரே வடிவத்தில் இன்னொரு நிரலில் வைத்து இரட்டைப் பதிவுகளைத் தேடுங்கள். நான் ஓர் இடத்தில் அப்படித் தேடிக் காட்டியபோது அங்கே இருந்தவர்கள் சற்று நேரம் பேசவில்லை.

இந்த இலக்கத்தில்தான் வினவல் வேகத்தின் முதல் பாடத்தையும் படித்தேன். சில இலட்சம் நிரை உள்ள அட்டவணை, இலக்கத்தில் இன்டெக்ஸ் (புத்தகத்தின் கடைசியில் வருகிற சொல்லடைவு போலத் தேடலை விரைவாக்குவது) இருக்கிறது, ஆனாலும் ஒரு தேடலுக்குப் பல செக்கன். வினவலைத் தரவுத்தளம் எப்படி ஓட்டுகிறது என்று காட்டுகிற எக்ஸ்ப்ளெயின் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் இன்டெக்ஸைத் தொடவே இல்லை, முழு அட்டவணையையும் வாசிக்கிறது. நிரல் எழுத்து வகை. வினவலை எழுதியவர் 12 இலக்கத்தை மேற்கோள் போடாமல் எண்ணாக எழுதியிருந்தார். மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு நிரையின் எழுத்தையும் எண்ணாக்கி ஒப்பிட்டுக்கொண்டிருந்தது, அப்படிச் செய்யும்போது இன்டெக்ஸ் பயன்படாது. இரண்டு மேற்கோள் குறிகள் போட்டோம். உடனே வந்தது. சேர்வருக்கு நினைவகம் வாங்க விலை கேட்டிருந்தார்கள், அந்தச் செலவு மிஞ்சியது. வேகம் பற்றிய புத்தகங்களை எல்லாம் பிறகு வாசியுங்கள். எக்ஸ்ப்ளெயினை ஒரு மாதம் தினமும் வாசித்தாலே கண் திறந்துவிடும்.

சான்றிதழ் பற்றிக் கேட்டீர்கள். ஒராக்கிளின் நிர்வாகிச் சான்றிதழோ மைக்ரோசொஃப்டின் டிபி-300 பரீட்சையோ, நீங்கள் போக நினைக்கிற இடம் எதைப் பாவிக்கிறதோ அதை எடுங்கள். வங்கிகள் பக்கம் என்றால் ஒராக்கிள் உதவும். ஆனால் கடன் வாங்கி எடுக்காதீர்கள், முதல் வருடத்தில் எடுக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் முழுதும் இலவசம், அதன் கையேடு எந்த வகுப்பையும்விட நன்று. ஒராக்கிளின் இலவசப் பதிப்பு 12 ஜிபி தரவு வரை விடும், வீட்டில் பழக அது தாராளம். லினக்ஸும் ஷெல்லும் கட்டாயம், பிறகு கொஞ்சம் பைதன். 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி ஒன்றில் இரண்டு மெய்நிகர் கணினிகளை நிறுவி, ஒன்றை மற்றதின் நகலாக ஓட்டுங்கள். பிறகு மூலத்தை நடுவில் நிறுத்திவிட்டு நகலை எழுப்பிப் பாருங்கள். பெரிய கோப்புகளை வளாகத்து இணையத்தில் இறக்கினால் டேட்டாக் காசு மிஞ்சும்.

கிளவுட் வந்தால் வேலை போகுமா என்றால், நிறுவுவது, பட்ச் போடுவது போன்ற வேலைகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அமேசனின் கிளவுட் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ் தானே பேக்கப் எடுத்து 35 நாள் வரை வைத்திருக்கும். ஆனால் நிபந்தனை போட மறந்த ஓர் அப்டேட் கட்டளை எல்லோருடைய தொலைபேசி இலக்கத்தையும் ஒரே இலக்கமாக மாற்றினால், கிளவுட் அந்தப் பிழையை நகல் சேர்வர்களுக்கும் ஒரு கணத்தில் விசுவாசமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். எந்த நிமிடத்துக்குத் திரும்ப வேண்டும், இடையில் வந்த நல்ல பதிவுகளை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவெடுக்கிறவர் ஒருவர் வேண்டும். எந்த இன்டெக்ஸ், எந்த அமைப்பு, யாருக்கு எந்த அனுமதி, மாதக் கட்டணம் ஏன் இரட்டித்தது என்று பார்க்கிறவரும் வேண்டும். அந்தப் பக்கமாக வளருங்கள்.

மனிதர்களோடு பழகுவதும் இந்த வேலைக்குள் வரும், யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். ஒருநாள் மதியம் எல்லோருடைய திரையும் உறைந்துவிட்டது. பார்த்தால் ஒரே ஓர் இணைப்பு ஒரு பரிமாற்றத்தைத் (ஒன்றாக உறுதிசெய்ய வேண்டிய மாற்றங்களின் தொகுதியைத்) திறந்து நிரைகளைப் பூட்டி வைத்திருக்கிறது. யாரென்று தேடினால், ஒருவர் ஒரு திருத்தத்தைத் தொடங்கிவிட்டு உறுதிசெய்யாமல் சாப்பிடப் போயிருந்தார். எல்லோர் முன்னாலும் அவர் பெயரைச் சொல்லியிருந்தால், அடுத்த தடவை பிழை விட்டவர் என்னிடம் வரவே மாட்டார். இணைப்பை அறுத்துவிட்டு, அவர் வந்ததும் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைக் காட்டினேன். பிறகு அப்படிச் சும்மா கிடக்கிற பரிமாற்றங்களைத் தானாக முடிக்கிற அமைப்பையும் போட்டேன். இன்றைக்கும் ஏதும் நடந்தால் முதலில் எனக்குத்தான் போன் எடுப்பார்.

தரவைப் பார்க்கிற அதிகாரம் உங்களிடம் இருக்கிறது, பார்க்க வேண்டிய தேவை இருக்கும்போது மட்டும் பாருங்கள். சின்ன மாவட்டம், அட்டவணையில் இருப்பவர்கள் உங்கள் ஒழுங்கையில் இருப்பவர்கள். யாருக்கு எவ்வளவு கடன், யாருக்கு என்ன நோய் என்று வீட்டிலும் கதைக்கக் கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தமிழில் எடுத்து ஒரு தடவை வாசியுங்கள். எல்லோரும் ஒரே கடவுச்சொல்லால் உள்ளே போகிற வழக்கம் உங்கள் இடத்தில் இருந்தால், அதை மாற்றுவதுதான் உங்கள் முதல் சண்டையாக இருக்கட்டும். மரியாதையாகச் சண்டை பிடியுங்கள், ஆனால் விடாதீர்கள்.

கொழும்பு பற்றி: இப்போது வேண்டாம். இன்னும் ஒன்றரை வருடம் இங்கே இருந்து, நான் சொன்னவற்றைச் செய்து, எழுதி வையுங்கள். பிறகு வாய்ப்பு வந்தால் இரண்டு மூன்று வருடம் போய் வருவது நல்லது. நூற்றுக்கணக்கான சேர்வர்கள் ஒன்றாக ஓடுகிற இடத்தையும், உங்களைவிட நன்றாகத் தெரிந்த ஒருவர் இரவு 2 மணிக்குப் பதறாமல் எப்படி வேலை செய்கிறார் என்பதையும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். அந்த அனுபவத்தோடு திரும்பினால் வீட்டிலிருந்து செய்கிற வெளிநாட்டு வேலை கிடைப்பது சுலபம். போக முடியாத குடும்ப நிலை என்றால் பரவாயில்லை, வழி கொஞ்சம் நீளும், அடைபடாது. இரவில் போன் வருகிற வேலை இது என்று வீட்டில் முன்கூட்டியே விளங்கப்படுத்திவிடுங்கள். ஃபைபர் இணைப்போடு ஒரு 4ஜி ரவுட்டரும், இரண்டுக்கும் ஒரு யூபிஎஸ்ஸும் தேவைப்படும். ஆங்கிலம் பேச வரவில்லை என்று கவலைப்பட்டிருந்தீர்கள். பேச்சு தானாக வரும், முதலில் எழுதப் பழகுங்கள். என்ன நடந்தது, என்ன செய்தேன், இனி என்ன செய்வேன் என்று மூன்று சின்னப் பந்தி. உங்கள் மீட்புக் கொப்பியை இந்த மாதத்திலிருந்து ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

இந்தச் சனிக்கிழமை அலுவலகம் அரை நாள் என்று சொன்னீர்கள். எல்லோரும் போன பிறகு நேற்றிரவுக் கோப்பை எடுத்து மீட்டுப் பாருங்கள். வந்தால் எத்தனை நிமிடம் எடுத்தது என்று எழுதுங்கள். வராவிட்டால் அது சொல்கிற பிழைச் செய்தியை ஓர் எழுத்தும் விடாமல் எனக்கு அனுப்புங்கள், நான் வீட்டில்தான் இருப்பேன்.